மரவள்ளித் தாளும் வைக்கோல் தட்டும் சரிவராதபோது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பொலித்தீனுக்குப் பதிலாக மரவள்ளி மாப்பொருளில் மட்கும் தாள் ஊற்றுகிறவர்களுக்கும், வைக்கோல் கூழில் தட்டோ நாற்றுச் சாடியோ அழுத்துகிறவர்களுக்கும் திரும்பத் திரும்ப ஒரே பிழைகள்தான் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை தண்ணீரிலும் நிறுவையிலும் காயவிடும் விதத்திலும் இருக்கின்றன, மெசினில் இல்லை. ஆகவே ஒவ்வோர் அறிகுறிக்குக் கீழும் காசு செலவில்லாத காரணம் முதலிலும் செலவு பிடிக்கும் காரணம் கடைசியிலும் வருகிறது. மேலிருந்து கீழே வாருங்கள், இடையில் தாவ வேண்டாம். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றிச் சரிவந்துவிட்டால் எது சரிசெய்தது என்று தெரியாமல் அடுத்த மாரியில் அதே இடத்தில் நிற்க வேண்டிவரும்.

## முதலில் அடிப்படை அளவு

தாளுக்கு: சுத்தமான தண்ணீர் 1 லீற்றர், காய்ந்த மரவள்ளி மாப்பொருள் 50 கிராம், கிளிசரின் 15 கிராம். வினாகிரி விருப்பமானால் 10 மில்லிலீற்றர், அதற்கு மேல் வேண்டாம்.

மாப்பொருளைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கிளிசரினையும் சேர்த்து, சிறு நெருப்பில் கிண்டிக்கொண்டே சூடாக்க வேண்டும். 65 பாகை தாண்டும்போது வெண்மை மங்கிக் கூழ் தடிக்கும். 85 பாகைக்குக் கொண்டுபோய்ப் பத்து நிமிடம் அந்தச் சூட்டில் வைத்திருங்கள். பானையின் எடையை அடுப்பில் வைக்குமுன்னும் இறக்கிய பின்னும் பாருங்கள். குறைந்த எடையளவு சுடுதண்ணீரைத் திரும்ப ஊற்றினால்தான் ஒவ்வொரு தடவையும் ஒரே தடிப்பில் தாள் வரும்.

60க்கு 40 சென்ரிமீற்றர் தட்டத்தில் அரை லீற்றர் ஊற்றினால் காய்ந்த தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர். முழு லீற்றரையும் ஊற்றினால் 0.2. நிழலில் காற்றோட்டமாக, 40 பாகையைத் தாண்டாமல் காய வேண்டும். ஒரு நாளிலிருந்து ஒன்றரை நாள் பிடிக்கும்.

கீழே சொல்லும் திருத்தங்கள் எல்லாம் இந்த அளவிலிருந்து தொடங்குகின்றன. கப், கரண்டிக் கணக்கில் செய்கிறவர்கள் முதலில் ஒரு கிராம் காட்டும் சமையல் தராசு வாங்குங்கள். மாவை அழுத்தி நிரப்பிய கப்பும் தளர்த்தி நிரப்பிய கப்பும் ஒரே எடை இல்லை. கிளிசரின் தண்ணீரைவிடப் பாரம் கூடியது, 15 கிராம் என்பது 12 மில்லிலீற்றர்தான். 15 மில்லிலீற்றர் அளந்து ஊற்றினால் 19 கிராம் போய்விடும். 'ஒட்டுகிறது' என்ற முறைப்பாட்டில் கணிசமான பங்கு இந்த ஒரு பிழையால் வருவது.

## அறிகுறி: தாள் வெடிக்கிறது, மடித்தால் முறிகிறது

எப்போது, எங்கே வெடிக்கிறது என்று பாருங்கள். அதைப் பொறுத்து வழி பிரிகிறது.

தட்டத்திலேயே, ஓரத்திலிருந்து உள்நோக்கி வெடித்தால். தட்டம் மட்டமாக இல்லை, அல்லது ஓரம் முதலில் காய்ந்து இழுக்கிறது. தட்டத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். கடதாசி மடித்துக் கீழே செருகி மட்டமாக்குங்கள். முதல் ஆறு மணித்தியாலம் தட்டத்தின் மேல் மெல்லிய துணி இழுத்துக் கட்டினால் ஓரம் பொறுக்கும்.

தட்டத்திலேயே, வெடித்த வயல் போல எங்கும் வெடித்தால். வெயிலில் வைத்தீர்களா? கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்த வெளியில் வைத்தீர்களா? ஆம் என்றால் அளவில் கைவைக்க வேண்டாம். அறைக்குள் எடுங்கள், காற்று வரும் பக்கத்து யன்னலைச் சாத்துங்கள். ஆனியிலும் ஆடியிலும் பகலில் ஊற்றாமல் மாலையில் ஊற்றினால் முதல் காய்ச்சல் இரவில் நடக்கும், வெடிப்பு வெகுவாகக் குறையும். நிழலில் காய்ந்தும் வெடித்தால் கிளிசரின் போதவில்லை.

உரிக்கும்போது நன்றாக இருந்து, மடித்தால் முறிந்தால். ஒரு துண்டை மூடியுள்ள டின்னுக்குள் வையுங்கள். பக்கத்தில், தாளில் படாமல், ஈரத்துணி ஒன்றையும் வைத்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் வளைந்தால் தாள் மிதமிஞ்சிக் காய்ந்திருக்கிறது, வேறு குற்றமில்லை. அடுத்த தடவை முன்கூட்டியே உரியுங்கள். காலையிலும் முறிந்தால் கிளிசரினை 2 கிராம், 2 கிராமாகக் கூட்டிப் பாருங்கள். 20 கிராமுக்கு மேல் போக வேண்டாம், அதன்பின் ஒட்டல் தொடங்கும். 10 கிராமுக்குக் கீழே கிளிசரின் போடுவதில் பிரயோசனம் இல்லை, அந்த அளவில் தாள் இன்னும் விறைக்கும்.

கிளிசரின் கூட்டியும் மாற்றம் இல்லை. போத்தலைச் சந்தேகியுங்கள். சரியாக 100 மில்லிலீற்றர் அளந்து நிறுங்கள். 126 கிராமுக்குக் கிட்ட நின்றால் நல்லது. 113 கிராமுக்குக் கிட்ட நின்றால் பாதி தண்ணீர். அழகுப் பொருள் கடையில் பன்னீர் கலந்து விற்பது இதற்கு உதவாது, பார்மசியில் தனிக் கிளிசரின் கேளுங்கள். மலிவாகக் கானில் கிடைக்கும் தொழிற்சாலைக் கிளிசரினைச் சாப்பாடு படும் எதற்கும் பாவிக்கக் கூடாது.

கிளிசரினும் நல்லது, வினாகிரி அதிகமா? இணையத்தில் சுற்றும் செய்முறைகள் பலவும் வினாகிரியைத் தாராளமாக ஊற்றச் சொல்கின்றன. புளிப்பும் சூடும் சேர்ந்தால் மாப்பொருளின் நீண்ட சங்கிலிகள் அறுந்துபோகும். கூழ் திடீரென இளகினால் அதுதான் அடையாளம். ஒரு தடவை வினாகிரி இல்லாமலே ஊற்றிப் பாருங்கள்.

கடைசியாக மாப்பொருள். 'மரவள்ளி மா' என்று விற்கப்படுவதில் சில முழுக் கிழங்கைக் காயவைத்து அரைத்த மா, அதில் நாரும் கிடக்கும். ஒரு கரண்டியை ஒரு குவளை தண்ணீரில் கலக்கி ஒரு மணித்தியாலம் வையுங்கள். அடியில் இறுகிய வெள்ளைப் படிவும் மேலே தெளிந்த தண்ணீரும் இருந்தால் மாப்பொருள். இடையில் பஞ்சுபஞ்சாக ஒரு அடுக்கு மிதந்தால் அது வெறும் மா. வேறு வழியில்லாத நாளில் சவ்வரிசியை ஊறவைத்து அரைத்துப் பாவிக்கலாம். மரவள்ளி மாப்பொருளில் செய்த சவ்வரிசிதானா என்று மட்டும் பொதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எடுத்த மாப்பொருள் ஈரமாக இருந்தாலும் அளவு பிழைக்கும், ஏனென்றால் நிறுத்த 50 கிராமில் ஒரு பங்கு தண்ணீர்தான். 100 கிராமை 105 பாகைச் சூட்டில் எடை மாறாமல் நிற்கும்வரை காயவைத்தால் 86 தொடக்கம் 88 கிராம் மிஞ்ச வேண்டும். 80 மிஞ்சினால் நிறுவையை அதற்கேற்பக் கூட்டுங்கள்.

## அறிகுறி: ஒட்டுகிறது, வியர்க்கிறது, தாளோடு தாள் பிடிக்கிறது

கார்த்திகை தொடக்கம் தை வரை இந்த முறைப்பாடு தானாக வரும். மாரியில் காற்றிலுள்ள ஈரத்தைக் கிளிசரின் இழுக்கிறது. ஆகவே முதல் கேள்வி: பிழை தாளிலா, வானத்திலா?

ஒரு துண்டை நன்றாக வறுத்து ஆறவைத்த அரிசியோடு காற்றுப் புகாத டின்னில் ஒரு நாள் வையுங்கள். ஒட்டல் போய்விட்டால் தாள் நல்லது, களஞ்சியம்தான் பிழை. மாரிக்கென்று கிளிசரினை 12 கிராமாகக் குறையுங்கள். காய்ந்த மாப்பொருளைத் துணியில் முடிந்து தாளுக்குத் தாள் மெல்லத் தட்டி அடுக்குங்கள். மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள், ஏனெனில் எறும்பும் எலியும் இதைச் சாப்பாடாகத்தான் பார்க்கும்.

ஒட்டல் போகாவிட்டால் தாளை வெளிச்சத்துக்கு நேரே சரித்துப் பாருங்கள்.

சின்னச் சின்ன எண்ணெய்த் துளிகள் மினுங்கினால் கிளிசரின் கூடிவிட்டது. மில்லிலீற்றரில் அளந்தீர்களா என்று முதலில் பாருங்கள்.

துளி இல்லை, ஆனால் நடுவில் மட்டும் பிசுபிசுப்பு என்றால் காயவில்லை. விரலால் அழுத்தினால் ரேகை பதியும். விசிறியைத் தாளுக்கு நேரே அல்லாமல் பக்கவாட்டில் ஓடவிடுங்கள். மாரியில் அதுவும் போதாது. மரப்பெட்டியில் மேலும் கீழும் துளையிட்டு, கோழிக்குஞ்சுக்கு எரிக்கும் குண்டு பல்ப் ஒன்றை அடியில் போட்டால் 35 – 40 பாகை நிற்கும். பல்ப்புக்கும் மரத்துக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

துளியும் இல்லை, நன்றாகக் காய்ந்தும் இருக்கிறது, ஆனாலும் ஒட்டுகிறது என்றால் தண்ணீரைப் பாருங்கள். வாவிக்கரை, கடற்கரை ஓரக் கிணறுகளில் கோடையில் உவர் ஏறும். உப்பு தாளுக்குள் தங்கி ஈரத்தை இழுக்கும். நாக்கு சொல்லுவதை நம்ப வேண்டாம், லேசான உவர் நாக்குக்குத் தெரியாது. ஒரே நாளில் ஒரே அளவில் இரண்டு சின்னத் தட்டங்கள் ஊற்றுங்கள்: ஒன்று கிணற்றுத் தண்ணீரில், மற்றது கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரில். போத்தல் தண்ணீர்த் தாள் ஒட்டாவிட்டால் விடை கிடைத்துவிட்டது. பிடித்துவைத்த மழைத்தண்ணீரை வடித்துப் பாவிப்பதுதான் செலவில்லாத மாற்று.

## அறிகுறி: கட்டி, வெள்ளைப் புள்ளி, குமிழி

வெள்ளைப் புள்ளி என்றால் சூடான தண்ணீரில் மாவைக் கொட்டியிருக்கிறீர்கள், அல்லது அடிப்பிடிக்க விட்டிருக்கிறீர்கள். பச்சைத் தண்ணீரில் கரைத்து, கூழை இறக்கியவுடன் வேட்டித்துணியில் வடியுங்கள். அப்படியும் புள்ளி வந்தால் கூழ் வேகவில்லை, வெப்பமானி வைத்துப் பாருங்கள்.

குமிழிக்குக் காரணம் கிண்டும் கை. முட்டை அடிக்கும் கருவி வேண்டாம், மர அகப்பை போதும். இறக்கிய பின் மூடிவைத்து 60 பாகைக்குக் கிட்ட ஆறும்வரை பொறுங்கள். தட்டத்துக்கு மிக அருகில் பிடித்து மெதுவாக ஊற்றுங்கள். மிஞ்சியவற்றை ஊசியால் குத்தினால் போகும்.

## அறிகுறி: தட்டத்தை விட்டு உரியவில்லை

காய்ந்ததா என்று பாருங்கள். சரியாகக் காய்ந்த தாளின் மூலை தானாக லேசாகக் கிளம்பும். கிளம்பாவிட்டால் இன்னும் சில மணித்தியாலம் விடுங்கள். காய்ந்து இறுகி ஒட்டியிருந்தால், தட்டத்தை ஈரத்துணியால் மூடிய பெட்டிக்குள் ஒரு மணித்தியாலம் வைத்துவிட்டு மூலையிலிருந்து இழுங்கள்.

இதற்கும் அசையாவிட்டால் தட்டத்தின் மேற்பரப்புத்தான் பிழை. கீறல் விழுந்த அலுமினியத் தட்டம் பிடித்துக்கொள்ளும். கண்ணாடியிலும் சிலவேளை பிடிக்கும். போமைக்கா பலகை, பேர்ஸ்பெக்ஸ் தகடு இரண்டும் நல்லவை. தடித்த பொலித்தீனைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினாலும் இலகுவாக உரியும். பொலித்தீனை ஒழிக்கப் பொலித்தீனிலா ஊற்றுவது என்று கேட்பார்கள், ஆனால் அந்த ஒரே விரிப்பு மாதக்கணக்கில் உழைக்கும். எண்ணெய் பூசுவதைத் தவிருங்கள். தாளில் ஏறிய எண்ணெய் பின்னர் ஒட்டுவதற்கும் அச்சடிப்பதற்கும் தடை.

## அறிகுறி: பூஞ்சணம், புளித்த மணம், சாம்பல் அல்லது நீல நிறம்

மணம் வந்தால் தாளை விட்டுவிட்டு மாப்பொருளை மணந்து பாருங்கள். மரவள்ளி பிடுங்கிய நாளோ மறுநாளோ துருவி எடுக்க வேண்டும், இரண்டு நாள் தாண்டினால் கிழங்கில் கறுப்பு ரேகை ஓடும். துருவியதைப் பிழிந்து வடித்த பாலை ஆறு தொடக்கம் எட்டு மணித்தியாலம் தெளியவிட்டு, மேல்தண்ணீரை ஊற்றி, புதுத் தண்ணீரில் இரண்டு தடவை கழுவுங்கள். இரவு முழுக்கவும் மறுநாளும் ஊறவிட்டால் புளிக்கும். புளித்த மாவில் செய்த தாள் வலுவும் குறைவு, பூஞ்சணமும் கெதியில் பிடிக்கும்.

மாவில் மணமில்லை, தாளில் மட்டும் புள்ளிபுள்ளியாகப் பூஞ்சணம் என்றால் காய்வதற்கு இரண்டு நாளுக்கு மேல் எடுத்திருக்கிறது. மெல்லியதாக ஊற்றுங்கள், மேலே சொன்ன பல்ப் பெட்டியைப் பாவியுங்கள். அதற்குப் பிறகும் வந்தால் மட்டும் லீற்றருக்கு 1 தொடக்கம் 2 கிராம் பொற்றாசியம் சோபேற்று. அது புளிப்பில்தான் வேலை செய்யும், அந்த நேரத்தில் 10 மில்லிலீற்றர் வினாகிரி தேவை.

சாம்பல், நீலச் சாயலுக்கு இரும்பு காரணம். துருப்பிடித்த துருவலகைக் கிழங்கின் சாறு தொட்டாலே நிறம் மாறும். துருப்பிடிக்காத உருக்கில் துருவுங்கள். துருவலகை நன்றாக இருந்தும் நிறம் வந்தால், கிணற்றுத் தண்ணீரை வாளியில் ஒரு இரவு வையுங்கள். காலையில் அடியில் செம்மஞ்சள் படிந்தால் இரும்புத் தண்ணீர். அப்படி ஒரு நாள் தெளியவிட்டு மணலில் வடித்தால் பெரும்பகுதி போய்விடும்.

மரவள்ளி பிழிந்த தண்ணீரில் சயனைட்டு இருக்கிறது. மாடு, ஆடு குடிக்கும் இடத்திலும் குளத்திலும் ஊற்ற வேண்டாம். கிணற்றுக்குத் தூரமாகக் குழி வெட்டி விடுங்கள்.

## அறிகுறி: சோறு கட்டினால் கரைகிறது

இதைத் திருத்த முடியாது, இது பொருளின் குணம். மாப்பொருள்தாள் சுடுகறியைத் தாங்காது. லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் பெட்டியும் 2017 செப்ரெம்பர் 1 முதல் தடை. 2023 ஒக்ரோபர் 1 முதல் பிளாஸ்டிக் தட்டும் ஸ்ரோவும் இடியப்பத் தட்டும் தடை. அந்த இடத்தை இந்தத் தாளால் நிரப்பலாம் என்று தொடங்குகிறவர்கள்தான் சீக்கிரம் மனம் விடுகிறார்கள். சோற்றுக்கு வாழையிலை இருக்கிறது. இந்தத் தாளுக்குச் சவர்க்காரம், விதைப் பொட்டலம், ஊதுபத்தி, காய்ந்த தூள் வகை, நாற்று வேர்ச்சுற்று என்று வேறு வேலைகள் இருக்கின்றன.

கொஞ்ச நேரம் ஈரம் தாங்கினால் போதும் என்றால் தேன்மெழுகை உருக்கித் துணியால் மெல்லப் பூசலாம். தேன்மெழுகு 62 – 64 பாகையில் உருகும், ஆகவே கொதிக்கும் கறி அதையும் கரைக்கும். வெந்நீர்ச் சட்டியின் மேல் வைத்து உருக்குங்கள், நேரடி நெருப்பில் பற்றிக்கொள்ளும்.

'பைண்டர் கம் கொஞ்சம் கலந்தால் கரையாது' என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அது பிளாஸ்டிக் பசைதான். கரையாமல் இருப்பதும் அதனால்தான், மண்ணில் முழுதாக மட்காமல் கிடப்பதும் அதனால்தான்.

## அறிகுறி: மண்ணில் புதைத்தும் மட்கவில்லை

5 சென்ரிமீற்றர் சதுரத் துண்டுகளை நைலோன் வலைப்பையில் போட்டு, ஈரமான மண்ணில் பத்துச் சென்ரிமீற்றர் ஆழத்தில் புதையுங்கள். இரண்டு, நான்கு, எட்டுக் கிழமையில் எடுத்துப் பாருங்கள். மாப்பொருளும் கிளிசரினும் மட்டும் என்றால் நான்காவது கிழமைக்குள் துண்டு துண்டாகி இருக்கும். மண் காய்ந்து கிடந்தால் எதுவும் நடக்காது. ஆனி மாதத்துக் கடற்கரை மணலில் புதைத்துவிட்டு 'மட்கவில்லை' என்பதில் பொருளில்லை, தண்ணீர் ஊற்றுங்கள்.

ஈரம் இருந்தும் முழுதாகக் கிடந்தால் கலவையில் வேறேதோ சேர்ந்திருக்கிறது. ஒரு நூலளவு துண்டை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். கடதாசி எரிந்த மணமும் சாம்பலும் வந்தால் மாப்பொருள். உருகிச் சொட்டினால் பிளாஸ்டிக்.

வாங்கிய 'மட்கும் பை' கிடந்தால் அது பொலிலக்ரிக் அமிலம் என்ற பிளாஸ்டிக் கலந்த வகையாக இருக்கலாம். அந்த அமிலம் சோள மாப்பொருளிலிருந்தோ கரும்புச் சீனியிலிருந்தோ வந்ததுதான், ஆனால் 58 பாகைக்குக் கிட்டச் சூடேறும் பெரிய கூட்டெருத் தளத்தில்தான் அது ஒழுங்காக மட்கும். வளவுக் குப்பைக் குழி அந்தச் சூட்டில் நெடுநாள் நிற்பதில்லை.

'மட்கும்' என்று பொதியில் அச்சடித்து விற்கப்போகிறீர்கள் என்றால் புதைத்துப் பார்த்தது போதாது. மட்கும் பிளாஸ்டிக்குக்கான ஐஎஸ்ஓ 17088 போன்ற தரக் கட்டளைகளுக்கு ஆய்வுகூடச் சான்று வேண்டும். அந்த இடத்தில் வீட்டுச் சோதனையை நிறுத்துங்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும், சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடமும் கிட்டவே இருக்கின்றன, முதலில் அங்கே விசாரியுங்கள். சாப்பாடு படும் பொருள் என்றால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்காமல் விற்க வேண்டாம்.

## வைக்கோல்: வெந்தும் இளகவில்லை

அடிப்படை அளவு: காய்ந்த வைக்கோல் 1 கிலோ, இரண்டு மூன்று சென்ரிமீற்றராக நறுக்கி ஒரு இரவு ஊறவைத்தது. தண்ணீர் 10 தொடக்கம் 12 லீற்றர். கோஸ்டிக் சோடா 100 கிராம். கொதிநிலையில் இரண்டு மணித்தியாலம்.

பாத்திரம் இரும்பு அல்லது துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். அலுமினியச் சட்டி கூடவே கூடாது. சோடா அதைத் தின்று, பற்றி எரியும் வாயுவை விடும். சோடாவைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் றப்பர்க் கையுறையும் இல்லாமல் இந்த வேலையைத் தொட வேண்டாம். கண்ணில் தெறித்தால் வினாகிரி ஊற்றும் வைத்தியம் ஆபத்து. ஓடும் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவிக்கொண்டே வாகனத்துக்கு ஆள் அனுப்புங்கள், நேரே ஆஸ்பத்திரி.

இளகியதா என்பதற்குக் கணுவைப் பாருங்கள். கழுவியெடுத்த கணு விரலிடுக்கில் நசிய வேண்டும். நசியாவிட்டால்:

முதலில் நேரம். இன்னும் அரை மணித்தியாலம் வேகட்டும்.

அடுத்தது வைக்கோல். சுனாமி மெசின் (நெல் அறுவடை இயந்திரம்) வெட்டிப் போட்ட வைக்கோல் சேற்றிலும் மணலிலும் கிடந்து வரும். அதைக் கழுவாமல் போட்டால் மணல் அடியில் தங்கும், அரைக்கும் கல்லையும் அச்சையும் தேய்க்கும். வைக்கோலுக்குள்ளேயே சிலிக்கா நிறைய உண்டு, வெளி மணலையும் கூட்ட வேண்டாம். வாழைச்சேனைக் காகித ஆலை வைக்கோலில் கடதாசி செய்த ஆலை, ஆகவே இந்தப் பகுதிக்கு வைக்கோல் கூழ் புதிதல்ல.

மூன்றாவது சோடா. திறந்த பையில் ஈரம் பிடித்துக் கட்டியான சோடா காற்றோடு சேர்ந்து வலு இழந்திருக்கும். புதிதாக ஒரு கிலோ வாங்கிச் சின்ன அளவில் ஒப்பிடுங்கள். 120 கிராமுக்கு மேல் கூட்டுவது தீர்வல்ல. நார் கருகும், கழுவுநீர் பெருகும்.

நாற்றுச் சாடி மட்டும்தான் நோக்கம் என்றால் சோடாவை விட்டுவிட்டு நீற்றிய சுண்ணாம்பு 100 கிராமில் வேகவையுங்கள். கூடுதல் நேரம் பிடிக்கும், கூழ் முரடாக வரும், சாடிக்கு அது போதும்.

## வைக்கோல்: தட்டு உதிர்கிறது, ஈரம் பட்டால் பிரிகிறது

ஒரு சிட்டிகை கூழைத் தண்ணீர்க் குவளையில் போட்டுக் குலுக்குங்கள். நார் தனித்தனியாகச் சமமாகப் பரவ வேண்டும். குச்சிகள் தெரிந்தால் இன்னும் அரையுங்கள். பிளேட் மிக்சி நாரை வெட்டிக் குட்டையாக்கும், கல் கிரைண்டர் நசித்து இழை பிரிக்கும். தட்டின் வலு கல்லில்தான் வருகிறது.

நன்றாக அரைத்தும் உதிர்ந்தால் பசை. காய்ந்த நாரின் எடையில் 5 தொடக்கம் 10 சதவீதம் மாப்பொருளைக் கூழாகக் காய்ச்சிக் கலவுங்கள். பச்சையாகக் கலந்தால் பிழியும் தண்ணீரோடு போய்விடும்.

பசையும் போட்டாயிற்று என்றால் அழுத்தம். கையால் அழுத்திய தட்டு சாடிக்குச் சரி, சாப்பாட்டுத் தட்டுக்குச் சரியல்ல. லொறி ஜக் ஒன்றைச் சட்டத்துக்குள் நிறுத்தினால் மலிவான அழுத்தி கிடைக்கும், ஆனால் சட்டத்தை இரும்பு ஒட்டு வேலை (வெல்டிங்) தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். வாய்விட்ட ஒட்டு அழுத்தத்தில் தெறிக்கும்.

## வைக்கோல்: சூட்டு அச்சில் கொப்பளிக்கிறது, கருகுகிறது, பிடித்துக்கொள்கிறது

மின்சாரத்தில் சூடேறும் அச்சில் தட்டை அழுத்தும்போது எழும் கொப்பளம் நீராவியால் வருவது. 20 கிராம் காய்ந்த எடையுள்ள தட்டு அச்சுக்குள் போகும்போது 40 கிராமைத் தாண்டக் கூடாது. நிறுத்துப் பாருங்கள். தாண்டினால் வெயிலில் இன்னும் காயட்டும்.

எடை சரியாக இருந்தும் கொப்பளித்தால், மூடிய சில வினாடிக்குள் அச்சைச் சற்றுத் திறந்து ஆவியை விட்டு மீண்டும் மூடுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் அச்சில் ஆவித்துளை போதாது, கடைசல்காரரிடம் கொடுத்துத் துளையிடுவியுங்கள்.

150 – 160 பாகையில் மூன்று தொடக்கம் ஐந்து நிமிடம் போதும். ஒரு பக்கம் கருகி மறுபக்கம் வெந்திராவிட்டால் சூடு ஏற்றும் கம்பி ஒன்று செத்திருக்கிறது, அல்லது வெப்ப உணரி தளர்ந்திருக்கிறது. மின்சாரத்தை நிறுத்தி உணரியின் திருகை இறுக்கிப் பார்ப்பது வரை உங்கள் வேலை. அச்சைத் தொட்டால் லேசாகச் சுண்டினாலும் சரி, ட்ரிப் சுவிட்ச் விழுந்தாலும் சரி, மெயினை நிறுத்திவிட்டு மின்தொழிலாளரை அழையுங்கள். ஈரக்கூழும் மின்சூடும் சேர்ந்த இடத்தில் நில இணைப்பைச் சரிபார்க்காமல் மீண்டும் போடக் கூடாது.

## வைக்கோல்: மஞ்சள் நிறம், காரமணம், கழுவுநீர்

தட்டு மஞ்சளாகி ஒரு மணமும் அடித்தால் கூழை ஒழுங்காகக் கழுவவில்லை. கழுவுநீரில் கொஞ்சம் எடுத்து மஞ்சள் தூள் கரைசல் இரண்டு சொட்டு விடுங்கள். சிவந்தால் இன்னும் சோடா இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். மஞ்சளாகவே நின்றால் போதும். லேசான வைக்கோல் நிறம் தட்டில் நிற்பது குற்றமல்ல. வெள்ளைக்காக வெளுக்கும் தூள் போட வேண்டாம், அதன் குளோரின் எச்சம் சாப்பாட்டுத் தட்டில் தங்கக் கூடாத ஒன்று.

முதல் வடிநீர் கறுப்பாக, காரம் மிகுந்து வரும். வயல் வாய்க்காலிலோ வாவியிலோ விட்டால் மீன் சாகும், அயலும் திரளும். அடுத்த வேகவைப்புக்குச் சோடாத் தண்ணீரின் ஒரு பங்காக அதையே திரும்பப் பாவிக்கலாம், சோடாவும் மிச்சமாகும். ஆனாலும் ஒரு கட்டத்தில் வெளியேற்றித்தான் ஆக வேண்டும். பிளாஸ்ரிக் பீப்பாயில் சேர்த்து வையுங்கள். கிழமைக்குப் பல கிலோ வேகவைக்கும் அளவுக்கு வேலை பெருத்தால், மத்திய சுற்றாடல் அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் பற்றிக் கேட்டுவிட்டு அடுத்த பானையை ஏற்றுங்கள். வடிநீர்த் தொட்டியின் அளவையும் இடத்தையும் அவர்கள் பார்த்துச் சொன்ன பிறகு கட்டினால் இரண்டாவது தடவை உடைத்துக் கட்டும் செலவு இருக்காது.